ஆல்தோ போட்டால் பட் வேண்டாம்

பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
மீன் வெட்டும் ஆலையின் கேன்டீன்.
வியாழன்தோறும் ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு
என் இங்கிலீஷ் வகுப்பு.
கெட்டில் கொதிக்கும். ரப்பர் பூட்ஸ்கள் வாசலில் நிற்கும்.
எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத
ஹேடாக் வாசனையோடு
ஏழு பேர் உட்கார்வார்கள்.

அந்த மாதம் இணைப்புச் சொற்கள்.
‘அண்ட்’ எளிது.
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி
இடித்துக்கொண்டு உட்காரும், பேசாது.
‘ஆர்’ இரண்டு தட்டு ஏந்தி வரும்,
பெரும்பாலும் ஒன்றைத்தான் தரும்.
‘அன்லெஸ்’ வந்ததும்
எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.
“உள்ளே ஒரு ‘நாட்’ ஒளிந்திருக்கிறது” என்றேன்.
“எங்கள் கான்ட்ராக்ட் முழுக்க இதுதான்” என்றார் ரூமன்.

எரித்ரியாவின் தெஸ்ஃபாலெம் மட்டும்
வாராவாரம் அதே பிழை:
ஆல்தோ மழை பெய்தது, பட் நான் வந்தேன்.
வாராவாரம் ‘பட்’டை அடிப்பேன்.
ஆல்தோ போட்டால் பட் வேண்டாம்,
ஒரு வாக்கியத்துக்கு ஒரு முரண் போதும்.
“இந்த ஊர் மழைக்குப் போதாது மிஸ்” என்பார்.

நவம்பரில் தைவா மூன்று வாரம் வரவில்லை.
நான்காம் வாரம் வந்தாள்.
வலக்கையில் கட்டு.
இடக்கையில் ஒரு தாள்:
சூப்பர்வைசரே நிரப்பிய விபத்துப் படிவம்,
அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

‘தைவா கையை உள்ளே விட்டார், சோ கத்தி வெட்டியது.’

“இலக்கணம் சரியா?” என்றாள்.
பார்த்தேன். கமா அதனிடத்தில். காலமும் பிசகவில்லை.
“சரிதான்” என்றேன்.
சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அப்படியானால் இந்த இரண்டெழுத்து
இங்கே என்ன வேலை பார்க்கிறது?”

போர்டில் எழுதினேன்.
கை உள்ளே போனது அண்ட் கத்தி வெட்டியது.
யாரும் எதுவும் செய்யவில்லை. இரண்டு நடந்தன, அவ்வளவுதான்.
கை உள்ளே போனது, சோ கத்தி வெட்டியது.
இப்போது கைதான் குற்றவாளி.

தைவா எழுந்து வந்தாள்.
இடக்கையால், மார்க்கர் கீச்சிட,
எழுத்துகள் படகு மாதிரி சாய்ந்து சாய்ந்து:

கத்தி என்னை வெட்டியது, பிகாஸ் அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.
ஆல்தோ நான் இரண்டு தடவை சொன்னேன், பட் யாரும் மாட்டவில்லை.

பழக்கத்தில் என் கை டஸ்டரைத் தேடியது.
“இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்” என்றார் தெஸ்ஃபாலெம்.
விட்டிருப்பேன்.
தைவாதான் தலையசைத்தாள்.
“பிழையோடு போனால்
பிழையை மட்டும்தான் படிப்பார்கள்.”
ஸ்வெட்டர் கைநுனியால்
‘பட்’டை அவளே துடைத்தாள்.
துடைத்த இடத்தில் நீலமாய் ஒரு புகை
வகுப்பு முடியும்வரை கிடந்தது.

பதில் ஜனவரியில் வந்தது.
இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கெட்டியான தாள்.

‘தங்களுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம்; ஹவெவர்,’

அதற்குமேல் ஒன்றரைப் பக்கம்.

தெஸ்ஃபாலெம் நோட்டைப் புரட்டினார்.
“இது நம் பட்டியலில் இல்லையே?”
“இது இணைப்புச் சொல் அல்ல” என்றேன்.
“ஒருவகை வினையடை.
முன்னால் அரைப்புள்ளி கேட்கும், பின்னால் கமா.”
“கோட்டு போட்ட பட்” என்றாள் தைவா.
ரூமன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருந்தாள்,
கட்டு அவிழ்ந்த கையில்
இருக்கும் மூன்று விரல்களுக்கு நடுவே
பேனாவை நிற்கவைக்கப் பார்த்தபடி.

‘நான் எழுதிக்கொண்டே இருப்பேன், அன்டில்’

நிறுத்தினாள்.
“அன்டில்லுக்குப் பிறகு என்ன டென்ஸ், மிஸ்?
இன்னும் நடக்கவில்லையே. எதிர்காலமா?”

கெட்டில் அணைந்தது.
வெளியே ஏதோ ஒரு டிராலர் ஹார்ன் அடித்தது.

“இல்லை” என்றேன்.
“எதிர்காலத்தைத்தான் சொல்கிறாய். இருந்தாலும்
அங்கே நிகழ்காலம்தான் போட வேண்டும்.”